காற்றை வெட்டும் கத்தரிக்கோல்

ஜெயிலில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஈப்போவுக்குப் போன் செய்து சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "மத்தியானச் சாப்பாடு அங்கேயேவா?" அதற்கு மேல் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. எனக்கோ தோன்றாத கேள்வியே கிடையாது. அடுத்த வீட்டுக் குழம்பு வாசனையை வைத்து என்ன மீன் என்று கண்டுபிடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

மலேசியாவிலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்தவள் நான். படிப்பு முடிந்தும் ஊர் திரும்பாமல் விம்பிள்டனில் ஒரு மாடி வீட்டில் ஒட்டிக்கொண்டேன். மாலை வகுப்புகளில் பெரியவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் காலத்தை ஓட்டினேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், லண்டனைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் ஒரு தனியார் கம்பெனி நடத்திய ஆண்கள் சிறையில் கல்விக்கும் வேலைப் பயிற்சிக்கும் ஆள் எடுத்தார்கள். சம்பளம் நன்றாக இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சுவருக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்கும் ஆசையில்தான் விண்ணப்பித்தேன்.

நடந்தது நிறைய. பட்டறைச் சுவர்களில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே கறுப்பு வண்ணம் அடித்திருந்தார்கள். கருவி ஆணிக்குத் திரும்பினால் கறுப்பு மறையும். மறையாத கறுப்பு ஒன்று மிச்சமிருந்தால் அன்றைக்கு ஒருவரும் அறைக்குப் போக முடியாது. கொத்து வேலை வகுப்பில் வாரம் முழுக்கக் கட்டிய சுவரை வெள்ளிக்கிழமை இடிப்பார்கள். திங்கட்கிழமை அதே செங்கலை எடுத்து மறுபடியும் கட்டுவார்கள். இன்னொரு கொட்டகையில் சிலர் நாள் முழுக்கக் காலை உணவுப் பொதி கட்டினார்கள். தேயிலைப் பை, சீனி, ஒரு பிடி தானியம், பால் பொட்டலம். இதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்ற என்னைக் கைதிகள் வேடிக்கை பார்த்தார்கள்.

தனியார் சிறை என்பதால் மரியாதைக்குக் குறைவில்லை. காவலர்கள் கைதிகளை 'மிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிட வேண்டும். அரசோடு போட்ட ஒப்பந்தப்படி ஆட்களை வேலையிலோ வகுப்பிலோ வைத்திருக்க வேண்டும். அதனால் காலி நாற்காலி ஒன்றைக் கண்டால் எங்கள் மேலாளருக்கு வயிறு எரியும். அந்த நாற்காலிகளை நிரப்புவதுதான் என் வேலை. புதிதாக வருகிறவரை உட்காரவைத்து, என்ன தெரியும், என்ன பிடிக்கும், வெளியே போய் என்ன செய்வதாக எண்ணம் என்றெல்லாம் கேட்டு, ஒரு வகுப்பிலோ பட்டறையிலோ சேர்த்துவிடுவேன். என்ன செய்துவிட்டு வந்தீர்கள் என்று மட்டும் கேட்கமாட்டேன். அதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எதுவும் காதில் ஏறாது என்பது முதல் மாதத்திலேயே புரிந்துவிட்டது. என் மூக்கை நானே அடக்கிவைத்த ஒரே இடம் அது.

அவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தது குளிர் முடியாத ஒரு காலையில். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர், மெலிந்த உருவம், சுத்தமாக மழித்த முகம். கைதிகளோடு நான் தமிழ் பேசலாம் என்று பாதுகாப்புப் பிரிவில் முன்பே அனுமதி வாங்கியிருந்தேன். ஆனால் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பெயரைச் சொல்லி அழைக்க வாய் வரவில்லை. அண்ணன் என்று கூப்பிட விதி இடம் தரவில்லை. கடைசி வரைக்கும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலேயே சமாளித்தேன். அவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிறையில் வேலை செய்யும் எல்லாப் பெண்களும் 'மிஸ்'தான்.

"மிஸ், ஆவணியிலை என்ரை மகளுக்குக் கலியாணம்," என்றார். "மனிசியோடை மணவறையிலை நிண்டு தாரை வாத்துக் குடுக்கவேணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். பிறகு இஞ்சை எத்தினை காலம் இருந்தாலும் இருப்பன்."

அதற்கு வழி இருந்தது. எங்கள் சிறையிலிருந்து கல்யாணத்துக்கென்று யாரையும் அனுப்புவதில்லை. ஆனால் மதில் இல்லாத திறந்த சிறை ஒன்றுக்கு மாற்றலாகிப் போனால், அங்கிருந்து குடும்ப விசேஷத்துக்கு ஒரு நாள் வெளியே போய்வர விடுவார்கள். அவர் நடத்தை சுத்தம். மாற்றலுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் பாக்கி. ஏதாவது ஒரு தொழில் பயிற்சியை முடித்துத் தேற வேண்டும். கொத்து வேலைக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம், பூச்சு வேலைக்கும் அப்படியே. அவருடைய முறை வரும்போது மகளுக்குப் பிள்ளையே பிறந்திருக்கும். ஆவணிக்குள் முடியக்கூடிய ஒரே வகுப்பில் அதிர்ஷ்டவசமாக ஓர் இடம் காலியாக இருந்தது. முடிதிருத்தும் வகுப்பு.

நான் அதைச் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

"அது வேண்டாம், மிஸ்."

"ஏன் வேணாங்கிறீங்க? இதை விட்டா வேற வழி இல்லையே."

"வேறை என்னவும் தாங்கோ. கக்கூஸ் கழுவுறதெண்டாலும் செய்யிறன். இது மட்டும் ஏலாது."

எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் சரியாக வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. மகள் கல்யாணத்துக்காக எதையும் செய்வேன் என்கிற மனிதர், கழிவறை கழுவத் தயாராக இருக்கிறவர், கத்தரிக்கோல் என்றதும் ஏன் சுருங்கிப்போகிறார்? ரயிலில் வரும்போதும் அதே யோசனைதான். கூர்மையான பொருளைக் கண்டால் பயமா? ஏதாவது நேர்த்திக்கடனா? அந்த ஞாயிற்றுக்கிழமை விம்பிள்டன் கோயிலில், பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும்போது என் யாழ்ப்பாணத் தோழியிடம் கேட்டுவிட்டேன். ஆளையோ இடத்தையோ சொல்லவில்லை. ஒருவர் முடிதிருத்தப் படிக்க மாட்டேன் என்று ஏன் அடம்பிடிப்பார் என்று மட்டும் கேட்டேன்.

அவள் உடனே திருப்பிக் கேட்டாள். "ஆள் எந்த ஊர்? ஊரிலை எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி அந்தக் கோயிலில் நூறு தடவை என் காதில் விழுந்திருக்கிறது. புதிதாக அறிமுகமாகும் இரண்டு பேர் முதலில் ஊர் கேட்பார்கள், அப்புறம் எந்தக் கோயிலடி, அப்புறம் எந்த ஒழுங்கை, அதாவது எந்தச் சந்து. பிரிந்துவந்த ஊரின் மேல் என்ன பாசம் என்று நான் உருகியதுண்டு. என்னைக் கேட்டால் ஈப்போ என்பேன், அத்தோடு பேச்சு படுத்துவிடும். அன்றுதான் தோழி விளக்கினாள். ஒழுங்கை தெரிந்தால் ஆள் என்ன சாதி என்று தெரிந்துவிடுமாம். நேராகக் கேட்க வேண்டியதில்லை.

"தலைமயிர் வெட்டுறது ஊரிலை அதுக்கெண்டு இருக்கிற ஆக்கள்தான்," என்றாள் குரலைத் தாழ்த்தி. "மற்ற ஆக்கள் அதைத் தொடமாட்டினம். உன்ரை ஆளுக்கு அந்தத் திமிராய்த்தான் இருக்கும்."

எங்கள் பக்கத்திலும் இது இல்லாமல் இல்லை. கல்யாணப் பேச்சு வரும்வரை அலமாரிக்குள் இருக்கும், பேச்சு வந்ததும் எட்டிப்பார்க்கும். ஆனால் ஜெயிலுக்குள், பெற்ற மகளின் கல்யாணத்தை விட அது பெரிதாகிவிடுமா? எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் சட்டென்று வரும், சீக்கிரத்தில் போகாது.

திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டேன். என்னுடைய அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. வெளியே காவலர் பார்த்துக்கொண்டிருப்பார், ஆனால் பேசுவது கேட்காது. நான் நன்றாகவே பொரிந்து தள்ளினேன். இந்தக் காலத்திலுமா, இந்த நாட்டிலுமா, ஒரு தொழிலில் என்ன கேவலம் என்று. அவர் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்கியபோது மெல்லச் சிரித்தார்.

"மிஸ், நீங்கள் மற்றப் பக்கத்திலை நிண்டு பாக்கிறியள்," என்றார். "வெட்டுறது அந்த ஆக்கள் எண்டு உங்களுக்கு ஆரோ சொல்லியிருக்கினம். நான்தான் அந்த ஆள்."

நான் கையிலிருந்த பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

"என்ரை அப்பாதான் அந்தப் பக்கம் எல்லாருக்கும் வெட்டினவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் அவரோடை போவன். பின் வளவாலைதான் போறது. வீட்டுக்குள்ளை விடமாட்டினம். முதல் தலை வெட்டேக்கை எனக்கு மீசை வரேல்லை. லண்டனிலை வந்து இறங்கின அண்டைக்கே அதை விட்டிட்டன். பெற்றோல் செட்டிலை நிண்டன், வான் ஓடினன், ஒருநாளும் கத்தரிக்கோல் பிடிக்கேல்லை. ஊரைக் கேட்டால் யாழ்ப்பாணம் ரவுண் பக்கம் எண்டு சொல்லிப்போட்டுக் கதையை மாத்திப்போடுவன். மனிசிக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது."

"இப்ப தெரிஞ்சா என்ன ஆகும்?"

"மாப்பிள்ளை பகுதி பெரிய ஆக்கள். தெரிஞ்சால் கலியாணம் நிண்டிடும்."

"ஜெயில்ல இருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"ஓம். மகள் சொல்லிப்போட்டாள். பரவாயில்லை எண்டினமாம்." கைகளைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டார். "ஜெயிலைப் பொறுப்பினம், மிஸ். இதைப் பொறுக்கமாட்டினம்."

கண்ணாடிக்கு அப்பால் காவலர் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார். இந்த அறையில் இப்போது என்ன பேசப்பட்டது என்று அவருக்கு விளக்க வேண்டுமென்றால் எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தேன். எங்கேயும் ஆரம்பிக்க முடியாது.

வகுப்பில் சேர்ந்தால் கல்யாணம் நிற்கலாம். சேராவிட்டால் கல்யாணத்தில் அவர் நிற்க முடியாது. சிறைக்குள் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். சிறையில் அவர் இருந்த பகுதியிலேயே இன்னொரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் கடை வைத்திருந்தவர், வாட்டசாட்டமான ஆள். சிறையிலும் கல்லாவில் உட்கார்ந்திருப்பது போலவே உட்கார்ந்திருப்பார். தமிழ் தெரிந்த எல்லாருக்கும் அவர் 'அண்ணை'. அந்த அண்ணையின் மனைவியும் மாப்பிள்ளையின் தாயும் ஒரே ஊர்ச் சங்கம். அண்ணை இவரைக் கண்ட நாளிலிருந்து ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இவரும் வழுக்கிக்கொண்டிருக்கிறார்.

"வகுப்பிலை சேந்தால் ஆரும் ஒண்டும் நினைக்கமாட்டினம். இஞ்சை எல்லாரும் எல்லாம் பழகினம்," என்றார். "ஆனால் என்ரை கை காட்டிக்குடுத்திடும்."

இரண்டு நாள் கழித்து அவரே வந்து சேருவதாகச் சொன்னார். திட்டத்தையும் சொன்னார். எதுவும் தெரியாதவன் மாதிரிப் படித்து, தெரியாதவன் மாதிரியே மெல்ல மெல்லத் தேறி, மட்டமாக ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுவது. கேட்க எனக்குச் சிரிப்பாக இருந்தது, அவருக்கு இல்லை.

முடிதிருத்தும் வகுப்பை நடத்தியவள் என் சிநேகிதி. ஜமைக்காக் குடும்பத்தில் பிறந்த தென் லண்டன்காரி. சொந்தமாக சலூன் நடத்தி, அலுத்துப்போய் இங்கே வந்தவள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் இருவரும் ஒன்றாக உட்காருவோம். நான் கொண்டுபோகும் புளிச்சாதத்தில் பாதி அவளுக்குத்தான். சில வாரங்களில் அவள் அவரைப் பற்றிப் புலம்பத் தொடங்கினாள்.

"உன் ஆளைப் புரிஞ்சுக்கவே முடியல," என்றாள். "புதுசா படிக்கிறவன் தினமும் புதுசா ஒரு தப்புப் பண்ணுவான். இவர் தப்பு எப்பவும் ஒரே இடத்துல, ஒரே அளவுல. இடது பக்கம் ஒரு விரல்கடை மேல ஏறியிருக்கும். அளந்து வச்ச மாதிரி. மத்தவங்களுக்குக் காதுகிட்ட வந்ததும் கை நடுங்கும். இவருக்கு நடுங்கறதே இல்ல. நடுங்காத கை எப்படி இவ்வளவு கோணலா வெட்டும்?"

நான் புளிச்சாதத்தை மும்முரமாகப் பார்த்தேன். இன்னொரு வேடிக்கையும் சொன்னாள். அவர் எப்போதும் மெஷினையே எடுக்கிறார், கத்தரிக்கோலைக் கொடுத்தால் காகிதம் வெட்டுகிறவர் மாதிரிப் பிடிக்கிறார் என்றாள். இப்படியே போனால் தேறமாட்டார் என்றும் சொன்னாள். சோதனைக்கு வெளியிலிருந்து பரிசோதகர் வருவார். அவர் முன்னால் ஒரு முழுத் தலையைச் சீப்பும் கத்தரிக்கோலும் மட்டும் வைத்துச் செய்து காட்ட வேண்டும்.

அதை அவரிடம் சொன்னேன். கோணலாக வெட்டினால் சான்றிதழ் கிடையாது, சான்றிதழ் இல்லாவிட்டால் மணவறை கிடையாது என்று. "தெரியும்," என்றார். அன்றைக்கு மட்டும் ஒழுங்காகச் செய்வாராம். தலையைக் கொடுப்பதற்கு லிவர்பூல்காரர் ஒருவரைப் பேசிவைத்திருந்தார். வெள்ளைக்காரருக்குக் கையைப் பார்த்து என்ன தெரியப்போகிறது?

சோதனை நாளில் எனக்கு அந்தப் பட்டறையில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் போய் ஒரு மூலையில் நின்றேன். கண்ணாடிகள், சுழலும் நாற்காலிகள், சுவரில் கத்தரிக்கோல்களின் கறுப்பு உருவங்கள். அன்று காலையில்தான் லிவர்பூல்காரரை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்களாம், சிறையில் சொல்லிக்கொண்டு யாரும் போக முடியாது. தலை இல்லாமல் சோதனை இல்லை. என் சிநேகிதி வாசலில் நின்றிருந்தவர்களைப் பார்த்து யாருக்கு முடிவெட்ட வேண்டும் என்று கேட்டாள். வார இறுதியில் மனைவி பார்க்க வருகிறாள் என்று காத்திருந்த அண்ணை, கை தூக்கி, நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பரவாயில்லை, தம்பி, நீங்களே வெட்டுங்கோ," என்றார் பெருந்தன்மையாக. "பழகிறதுக்கு ஒரு தலை வேணும்தானே."

கத்தரிக்கோலோடு நின்றவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றேன். கோணலாக வெட்டினால் அண்ணைக்கு ஒன்றும் தெரியாது, கல்யாணம் நடக்கும், இவர் இல்லாமல். ஒழுங்காக வெட்டினால் கல்யாணமே நடக்காமல் போகலாம்.

துணியை உதறி அண்ணையின் கழுத்தில் கட்டினார். தண்ணீர் தெளித்தார். கொஞ்ச நேரம் மிகவும் மெதுவாக, புத்தகத்தில் சொன்னபடி, பயந்தவர் மாதிரியே செய்தார். பரிசோதகர் ஏதோ குறித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு எந்த இடத்தில் மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு விரலால் அண்ணையின் உச்சந்தலையைத் தொட்டுத் தலையைச் சாய்த்தார். காதைச் சுண்டுவிரலால் மடித்தார். சீப்பு மேலே ஏறியது, கத்தரிக்கோல் அதன் பின்னாலேயே போனது. வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையில், முடியே இல்லாத இடத்தில், கத்தரிக்கோல் காற்றை வெட்டியது. டிக் டிக், டிக் டிக் டிக்.

அந்தச் சத்தம் எனக்கும் தெரியும். ஈப்போவில் அப்பாவோடு முடிவெட்டும் கடைக்குப் போய்க் காத்திருந்தபோது கேட்டது. நம் ஊர்க்காரர்கள் கை ஓய்வதில்லை, வெட்ட ஒன்றும் இல்லாத நேரத்திலும் கத்தரிக்கோல் பேசிக்கொண்டிருக்கும். என் சிநேகிதி வியப்போடு என்னைப் பார்த்தாள். அவள் வகுப்பில் யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

கண்ணை மூடியிருந்த அண்ணை கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் தனக்குப் பின்னால் நின்றவரையே பார்த்தார்.

"தம்பி, நீர் ஊரிலை எந்தப் பக்கம்?"

'நீங்கள்' அதற்குள் ஒரு படி இறங்கி 'நீர்' ஆகிவிட்டிருந்தது. கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"கோயிலுக்குப் பின்னாலை போற ஒழுங்கை, அண்ணை," என்றார். ஊர்ப் பெயரையும் சொன்னார், எல்லாருக்கும் கேட்கிற குரலில். "அந்தப் பக்கம் வெட்டினது என்ரை அப்பா. உங்கட ஆக்களுக்கும் வெட்டியிருப்பார்."

அண்ணை கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தார். பிறகு, "சரி, கெதியா முடி," என்றார். 'நீ' ஆகிவிட்டது. அவர் அவசர அவசரமாக முடிக்கவில்லை. பிடரியை நிதானமாகச் சீராக்கி, முடியைத் தட்டிவிட்டு, துணியை அவிழ்த்து, பின்னால் சிறு கண்ணாடி பிடித்துக் காட்டினார். அண்ணை அதைப் பார்க்காமலே எழுந்து போனார். பரிசோதகர் அண்ணையின் தலையைப் பார்த்துக்கொண்டே வாசல்வரை கூடப் போய்த் திரும்பிவந்து, இவர் கையைக் குலுக்கினார். கத்தரிக்கோல் சுவருக்குத் திரும்பியது.

அன்று ரயிலில் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். சிறைப் பகுதியின் போன்களுக்கு முன்னால் அண்ணை நிற்பது என் கண் முன்னாலேயே இருந்தது. பார்க்கிங்கில் ஒரு போன் அடித்தால் ஊர்ச் சங்கம் முழுக்கத் தெரியக் கொஞ்ச நேரம் போதும்.

மறுநாள் காலை அவர் என் அறை வாசலில் நின்றார். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. உட்காரச் சொன்னேன்.

"அண்ணைக்கு முதல் நான் போன் எடுத்திட்டன்," என்றார். "மகள் வேறை ஆரும் சொல்லி அறியக்கூடாது பாருங்கோ. நானே சொன்னன். அவள் என்ன சொன்னவள் தெரியுமோ? 'அப்பா, எனக்கு அது எப்பவோ தெரியும்' எண்டாள். பெரியம்மா சொன்னவவாம். மாப்பிள்ளைப் பெடியனுக்கும் சொல்லிப்போட்டாளாம், பெடியன் தாய்க்குச் சொல்லிப்போட்டானாம். ஒரு மாசம் அந்த வீட்டிலை ஒருத்தரோடை ஒருத்தர் கதையில்லை. பேந்து பெடியன் பிடிச்ச பிடியிலை தாயும் ஓமெண்டிட்டாவாம். எனக்குத்தான் சொல்லேல்லை. அவைக்குத் தெரியும் எண்டு அறிஞ்சால் நான் வெக்கப்படுவன் எண்டு."

எனக்கு நாற்காலியை விட்டுத் துள்ள வேண்டும் போல இருந்தது. "அப்போ எல்லாம் சரியாயிடுச்சே," என்றேன்.

"இல்லை, மிஸ்." கொஞ்சம் யோசித்தார். "பிறகு மகள் அழுதாள். கேட்டுக் கேட்டுத்தான் சொன்னவள். ஓமெண்டுறதுக்கு மாப்பிள்ளை பகுதி கேட்டது வேறையாம். நான் மணவறைக்கு ஏறக்கூடாதாம். ஜெயிலிலை இருந்து வந்தவர் தாரை வாத்தால் நாலு சனம் என்ன கதைக்கும் எண்டினமாம். அப்பா கனடாவிலை, விசா கிடைக்கேல்லை எண்டு எல்லாருக்கும் சொல்லியாச்சாம். தாய்மாமனும் மாமியும் நிக்கிறதெண்டு முடிவாம். நான் வெளியிலை வரமாட்டன் எண்டு நினைச்சுத்தான் அவள் அதுக்கு ஓமெண்டவள்."

இத்தனை மாதமாக அவர் எதற்காக இந்தப் பாடு பட்டாரோ, அந்த இடம் அவருக்கு எப்போதோ இல்லாமல் போயிருந்தது. எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் கோபம் கொதித்தது. வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மகள் சண்டை பிடிக்கிறன் எண்டாள். நான் வேண்டாம் எண்டிட்டன். சண்டை பிடிச்சால் ஏறலாம், அவள் விடமாட்டாள். ஆனால் யோசிச்சுப் பாத்தன், மிஸ். ராத்திரி முழுக்க யோசிச்சன். நீங்கள் ஒருநாளும் கேட்கேல்லை, நான் சொல்லுறன். ஒரு பிறந்தநாள் வீட்டிலை நல்லாய்க் குடிச்சுப்போட்டு நான் வான் ஓடினன். றோட்டைக் கடந்த ஒரு மனிசன் செத்துப்போனார். அவருக்கும் ஒரு மகள் இருந்தவள். கோர்ட்டிலை எனக்கு நேரை இருந்தவள்."

வெளியே யாரோ சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு போனார்கள்.

"பிறந்ததுக்காக என்னை வேண்டாம் எண்டு சொல்லுவினம் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் ஒளிச்சுத் திரிஞ்சன். இப்ப அவை வேண்டாம் எண்டுறது நான் செய்ததுக்கு. அது எனக்கு உரியதுதானே, மிஸ். அதை நான் தாங்குவன். அவையின்ரை சனத்துக்கு என்ரை முகம் தெரியாது, கீழை சனத்தோடை சனமாய் இருந்து பாக்கிறன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, தேறிவிட்டீர்கள், பரிசோதகர் மிகவும் புகழ்ந்தார் என்றேன். "கேள்விப்பட்டன்," என்றார். முதல் தடவையாக அவர் பல் தெரியச் சிரித்துப் பார்த்தேன்.

ஒரு மாதத்துக்குள் அவருக்கு மாற்றல் வந்தது. வெளியேறியவர்களோடு நாங்கள் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது. கல்யாணம் எப்படி நடந்தது என்று தெரியாமல் எனக்குத் தலை வெடித்தது. ஆவணி கழிந்து, வேறொரு வேலையாகத் திறந்த சிறைக்குப் போன் பேச வேண்டி வந்தது. அங்கே என்னைப் போன்ற வேலை செய்யும் ஆங்கிலேயப் பெண்ணிடம், பேச்சோடு பேச்சாக, எங்களிடமிருந்து வந்த அந்த இலங்கைக்காரர் கல்யாணத்துக்குப் போனாரா என்று கேட்டேன்.

போனாராம். குறித்த நேரத்துக்கு முன்பே தானாகவே திரும்பி வந்து, பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக வாசலில் மணியடித்துவிட்டு நின்றாராம். கல்யாணம் எப்படி இருந்தது என்று அவள் கேட்டிருக்கிறாள். எல்லாம் நல்லது, சாப்பாடு நல்லது, மாப்பிள்ளை நல்ல பையன் என்றாராம். ஒரே ஒரு குறைதானாம். மாப்பிள்ளை அவர் இருந்த வரிசையைத் தாண்டி மணவறைக்குப் போனபோது பின்பக்கம் தெரிந்ததாம். பிடரியில் முடி ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்ததாம்.

"நான் முடிவெட்டுகிறவன், என் அப்பாவும் முடிவெட்டுகிறவர், நான் வெட்டியிருந்தால் அப்படி அனுப்பியிருக்கமாட்டேன்," என்றாராம்.